செட்டுக்கு அடுத்து என்ன வாங்குவது

தம்மாம்
15.4.84

பாத்துவுக்கு சலாம். உம்மாவுக்கும் மகள் ரஹ்மத்துக்கும் சொல்லிவிடு. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. வெயில்தான் இப்போதே ஆரம்பித்துவிட்டது.

செங்கோட்டைக்காரர் மூலம் நீ கொடுத்தனுப்பிய கேசட் போன வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. உன் குரலைக் கேட்டதில் ரொம்ப சந்தோஷம். ஆனால் இனிமேல் கேசட் அனுப்பாதே. ஏர்போர்ட்டில் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்கிறார்கள். கொண்டுவருகிற ஆளுக்குத் தொந்தரவு. கடிதமே எழுது. உன் கையெழுத்துக்கு என்ன குறை?

விஷயத்துக்கு வருகிறேன். நான் லீவு முடிந்து வந்து நாலு மாதம் ஆகிறது. கொண்டுவந்து வைத்த டி.வி.யும் வீடியோ டெக்கும் எப்படி ஓடுகின்றன என்று ஒரு வரிகூட நீ எழுதவில்லை. அடுத்து என்ன வாங்குவது என்று இங்கே ஒரே யோசனை. இருபது அங்குல டி.வி.யைத் தள்ளிவிட்டு இருபத்தாறு அங்குலம் வாங்கலாம் என்கிறான் என் ரூமில் இருக்கும் மேலகரம் நல்லக்கண்ணு. ஆன்டெனாவை இன்னும் உயர்த்தி பூஸ்டர் போட்டால் மலைக்கு அந்தப் பக்கத்து டி.வி. நிலையம் தெளிவாக வரும் என்று தம்பி ஜப்பார் எழுதியிருக்கிறான். எனக்கு இரண்டிலும் மனசு போகவில்லை. கல்யாணப் பந்தலுக்கு மைக்செட் போட்டுப் பிழைத்தவன் நான். படம் மங்கினால் கண் பழகிக்கொள்ளும், சத்தம் சரியில்லாவிட்டால் உட்காரவே முடியாது. பக்கத்து ஊர் அல்கோபாரில் ஒரு கடையில் ஆம்ப்ளிஃபயரும், ரஹ்மத்து உயரத்தில் இரண்டு ஸ்பீக்கரும் பார்த்தேன். கடைக்காரன் ஒரு பாட்டைப் போட்டான். அரைமணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

உன் விருப்பம் எதுவோ அதை எழுது. நீ சொல்லாமல் வாங்கமாட்டேன்.

கிதிர் முகம்மது


தென்காசி
6.5.84

மச்சானுக்கு பாத்திமுத்து சலாம் சொல்லி எழுதுவது. மாமிக்கு முழங்கால் வலி அப்படியேதான். ரஹ்மத்து நாலாவது பாஸ்.

செட் எப்படி ஓடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். வெள்ளிக்கிழமைதோறும் அஸர் தொழுகைக்குப் பிறகு தெருப் பெண்கள் படம் பார்க்க வந்துவிடுகிறார்கள். போன வாரம் வாசலில் முப்பத்திரண்டு ஜோடி செருப்பு கிடந்ததாக ரஹ்மத்து எண்ணிச் சொன்னாள். எல்லோருக்கும் டீ போட வேண்டும் என்று மாமி சொல்கிறார்கள். “எம் மவன் வாங்கிப் போட்டதைப் பாக்க வருதாங்க, வெறும் வாயோட அனுப்பவா?” என்கிறார்கள். படம் நான் பார்ப்பதில்லை. டம்ளர் கழுவி முடிப்பதற்குள் அது முடிந்துவிடும்.

ஆறு மணியானால் வோல்டேஜ் இறங்கிவிடுகிறது. படம் நாலு பக்கமும் சுருங்கி, ஆட்கள் குள்ளமாகிவிடுகிறார்கள். ரேடியோ கடை வீரபாகுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “அக்கா, செட்டுல ஒரு கோளாறும் இல்ல. கரண்டுதான் இல்ல” என்றார். எனவே அடுத்து வாங்க வேண்டியது ஸ்டெபிலைசர். அதை அவரே இங்கே செய்து தருகிறாராம். நீங்கள் அங்கிருந்து ஒன்றும் கொண்டுவர வேண்டியதில்லை.

என் குரலைக் கேட்டதில் சந்தோஷம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அந்தக் கேசட்டில் இரண்டாவது பக்கம் நான் சொன்னதைக் கேட்டுவிட்டா சந்தோஷம் என்று எழுதினீர்கள்? கேட்டுவிட்டா ஸ்பீக்கர் கடையில் அரைமணி நேரம் நின்றீர்கள்?

கேசட் அனுப்ப வேண்டாம் என்றால் அனுப்பவில்லை.

பாத்திமுத்து


தம்மாம்
3.6.84

பாத்துவுக்கு,

உன் கடிதம் படித்ததிலிருந்து ஒன்றும் ஓடவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கேசட்டின் முதல் பக்கம் கேட்டேன். இரண்டாவது பக்கத்தைப் போடுவதற்குள் ரூமில் ஒருத்தன் டேப்பைச் சிக்கவைத்து அறுத்துவிட்டான். நீ வருத்தப்படுவாய் என்றுதான் எழுதவில்லை. நீ சொன்னதை இன்னொரு முறை காகிதத்தில் எழுதிவிடு. எதுவாக இருந்தாலும் எழுது.

இன்னொன்று. இந்த வருஷத்தோடு முடித்துக்கொண்டு வந்துவிடுவதாக லீவில் உன்னிடம் சொன்னேன். கம்பெனியில் மேலும் இரண்டு வருஷத்துக்குக் காகிதம் நீட்டினார்கள். யோசிக்க ஒரு நாள்கூடத் தரவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஊருக்கு வந்து நான் என்ன செய்ய? மைக்செட் எல்லாம் ஜப்பார் வித்துத் தீர்த்துவிட்டான். இங்கே ஜெனரேட்டர் ரூம் எனக்குப் பழகிவிட்டது. எண்ணெய் ஊற்றுவது, மீட்டர் பார்ப்பது, அவ்வளவுதான் வேலை. யாரோடும் பேச வேண்டியதுகூட இல்லை.

ஸ்டெபிலைசர் விஷயம் சரி. ஆனால் ஸ்பீக்கரை நீ வேண்டாம் என்று சொல்லவும் இல்லையே. நான் மனசிலேயே இடம் பார்த்துவிட்டேன். ஒன்று ஜன்னலுக்குக் கீழே, ஒன்று பீரோவை ஒட்டி. நடுவில் நாற்காலி போட்டால் நான் உட்கார்ந்து கேட்கத் தோதாக இருக்கும்.

பதில் உடனே போடு.

கிதிர் முகம்மது


தென்காசி
15.7.84

மச்சானுக்கு,

முதலில் சந்தோஷம் என்றீர்கள். இப்போது அறுந்துவிட்டது என்கிறீர்கள். இரண்டில் ஒன்றுதான் நிஜமாக இருக்க முடியும்.

நான் அதைத் திரும்ப எழுதப்போவதில்லை. ஒரு தடவை சொல்வதற்கே எனக்கு மூன்று நாள் ஆனது.

கையெழுத்துப் போட்டது போட்டதுதான். என்னிடம் கேட்க வேண்டிய விஷயம் ஸ்பீக்கர், கேட்காமல் செய்ய வேண்டிய விஷயம் இரண்டு வருஷம், அப்படித்தானே?

குற்றாலத்தில் சீசன் நன்றாக இருக்கிறது. லாட்ஜில் தங்குகிறவர்களுக்குப் படம் போடப்போகிறேன் என்று ஜப்பார் தம்பி டி.வி.யையும் டெக்கையும் எடுத்துக்கொண்டு போனார். நான் தடுத்தேன். “வீட்ல சும்மாதான கெடக்கு, கொண்டு போவட்டும்” என்று மாமி சொல்லிவிட்டார்கள். மூன்று வாரம் சாரலில் கிடந்து திரும்பி வந்திருக்கிறது. டெக்கில் கேசட்டைப் போட்டால் வெறும் கோடு கோடாக ஓடுகிறது. ஹெட் போய்விட்டது என்கிறார் வீரபாகு. அதனால் வெள்ளிக்கிழமை கூட்டம் இல்லை. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

இனி வீட்டுச் செய்தியெல்லாம் ரஹ்மத்து எழுதுவாள்.

பாத்திமுத்து


தம்மாம்
30.9.84

பாத்து,

ரஹ்மத்திடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. உம்மாவுக்கு முழங்கால் வலி, ஸ்கூலில் புது டீச்சர், மழை. உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுதாதே என்று நீ சொல்லியிருப்பாய்.

இதை எழுத உட்கார்ந்து இது நாலாவது நாள். கிழித்துக் கிழித்துப் போட்டுவிட்டேன். இன்றைக்குக் கிழிக்கமாட்டேன்.

டேப் அறுந்தது என்று எழுதியது பொய். ஒருத்தனும் அறுக்கவில்லை. கேசட் பத்திரமாக என் தலையணைக்குக் கீழே இருக்கிறது. எனக்குத்தான் கேட்கவில்லை.

பாத்து, எனக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. இடது காது முழுசாகவே இல்லை. வலது பாதி. ஏழு வருஷம் அந்த ஜெனரேட்டர் ரூமில் இருந்ததில் வந்தது. முதலில் காதுக்குள் விசில் சத்தம் மாதிரி வந்தது. ஷிப்டு முடிந்தால் போய்விடும். அப்புறம் போகவில்லை. கம்பெனி டாக்டரிடம் காட்டினால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று சும்மா இருந்தேன். ரூமில் எல்லோரும் சிரித்தால் நானும் சிரிப்பேன். எதற்குச் சிரித்தேன் என்று தெரியாது.

லீவில் வந்தபோது நீ அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் நான் திரும்பவில்லை என்று எத்தனை தடவை கோபித்துக்கொண்டாய். “சவுதி துரைக்குக் கூப்பிட்டா காது கேக்காதோ” என்று ஒரு நாள் முகத்துக்கு நேரே சொன்னாய். உதட்டைப் பார்த்துதான் அதைப் புரிந்துகொண்டேன். அப்போதே சொல்லியிருக்கலாம். ஊரிலேயே காது கூர்மையானவன் என்று பேர் வாங்கியவன் பெண்டாட்டியிடம் அதை எப்படிச் சொல்வான்? பந்தலின் கடைசி வரிசையில் நின்றுகொண்டு மேடையில் எந்த மைக் இரைகிறது என்று சொன்னவன் நான்.

உன் கேசட்டை முழு சத்தத்தில் வைத்து வலது காதை ஸ்பீக்கரில் ஒட்டிக்கொண்டு கேட்டேன். முதல் பக்கம் துண்டு துண்டாகப் புரிந்தது. இரண்டாவது பக்கம் நீ ரொம்ப மெதுவாகப் பேசியிருக்கிறாய். ஒரு வார்த்தை பிடிபடவில்லை. நடுவில் நீ அழுதாய், அது மட்டும் தெரிந்தது. நல்லக்கண்ணு நல்ல பையன், அவனிடம் கொடுத்தால் கேட்டு எழுதித் தந்திருப்பான். நீ எனக்காக அழுததை இன்னொருத்தன் கையில் எப்படிக் கொடுப்பது? ஊரில் ஏதோ மாமி மருமகள் சண்டையாக இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டு, சந்தோஷம் என்று எழுதிவிட்டேன். பெரிய தப்பு.

அந்த ஸ்பீக்கரைப் பற்றி ஏன் விடாமல் எழுதுகிறேன் என்று இப்போது உனக்குத் தெரியும். அந்தக் கடையில் இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு பாட்டு எனக்கு வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. அது நம் வீட்டில் இருந்தால் உங்களோடு உட்கார்ந்து நானும் படம் பார்க்கலாம் என்று நினைத்தேன். வேறு ஆசை இல்லை.

நீ என்ன சொன்னாய் என்று எழுது. கெஞ்சிக் கேட்கிறேன்.

கிதிர்


தென்காசி
21.10.84

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை அடுப்படியில் வைத்துப் படித்தேன். அன்றைக்கு மத்தியானம் சோறு வடிக்கவில்லை. மாமி வந்து பார்த்துவிட்டு அவர்களே உலை வைத்தார்கள்.

எழுதுகிறேன்.

நீங்கள் போகும்போது நான் முழுகாமல் இருந்தேன். எனக்கே அப்போது தெரியாது. தை மாதம்தான் உறுதியானது. ரஹ்மத்துக்குப் பிறகு எட்டு வருஷம் கழித்து வந்தது என்று நானும் மாமியும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தோம். மூணு மாசம் முடியட்டும், அப்புறம் எழுது என்றார்கள். மூணு மாசம் முடியவில்லை. மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டில் கூட்டம் நிறைய. தண்ணீர்க் குடத்தை இறக்கும்போது வயிற்றைப் பிடித்தது. ஹாலில் படம் ஓடிக்கொண்டிருந்தது, நான் உள்ளே கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. அடுத்த வீட்டு ரெபேக்காள் டீச்சர் எதற்கோ பின்வாசல் வழியாக வந்தவர்தான் பார்த்து, கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு நாள் இருந்தேன். என் உயிருக்கு ஒன்றும் இல்லை.

“அவன்ட்ட சொல்லிராதட்டி. தூர தேசத்துல ஒத்தையில கெடக்கான், மனசு உடைஞ்சிருவான்” என்று மாமி சொன்னார்கள். நல்லதுக்குத்தான் சொன்னார்கள். எனக்கு அதை எழுதக் கையும் வரவில்லை. அதனால் அவர்கள் தொழுதுகொண்டிருந்த நேரமாகப் பார்த்து, பக்கத்து அறைக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேசட்டில் பேசினேன். அதுதான் உங்களுக்குக் கேட்கவில்லை.

அதற்குப் பதிலாக ஸ்பீக்கர் என்று வந்தபோது, ஒரு கல்லைக் கட்டிக்கொண்டு வாழ்கிறேன் என்று நினைத்தேன். இவ்வளவு நாள் நான் உங்களை நினைத்ததை எல்லாம் எழுத முடியாது. அடுப்படியிலிருந்து கூப்பிட்டதும், துரை என்று சொன்னதும் நெஞ்சில் நிற்கிறது.

மாமியிடம் உங்கள் காதைப் பற்றி நானே சொன்னேன். நம்பவில்லை. “யாருக்கு? எம் மவனுக்கா? ஊசி விழுந்தா கேக்கும் அவனுக்கு” என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, “அதான் லீவுல வந்தப்போ எங்கிட்ட பேசவே இல்லையா” என்று கேட்டுவிட்டு அழுதார்கள்.

நான் சொல்வது ஒன்றுதான். வந்துவிடுங்கள். அந்த ரூமில் இன்னும் இரண்டு வருஷம் இருந்தால் வலதும் போய்விடும். ரெபேக்காள் டீச்சரின் அப்பா காதில் ஒரு மிஷின் வைத்திருக்கிறார். அங்கே நல்ல மிஷின் கிடைக்குமாமே? செட்டுக்கு அடுத்து என்ன வாங்குவது என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். அதை வாங்குங்கள்.

பாத்து


தம்மாம்
9.12.84

பாத்து,

பிள்ளையைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. படித்த அன்றைக்கு ஷிப்டுக்குப் போகவில்லை. நல்லக்கண்ணு என்ன என்று கேட்டான், உன் கடிதத்தை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டேன். கேசட்டையும் முதலிலேயே கொடுத்திருந்தால் இத்தனை நாள் நீ தனியாகச் சுமந்திருக்க வேண்டாம்.

மறுநாள் அவன்தான் என்னைக் கம்பெனி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனான். காதில் கருவி வைத்துப் பார்த்தார்கள். ஜெனரேட்டர் ரூமுக்குள் இனி போகக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார் டாக்டர். இப்போது ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை. ஏப்ரலில் ஊருக்கு அனுப்பிவிடுகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் வாதாடவில்லை. களைப்பாக இருக்கிறது, பாத்து.

மிஷினையும் பார்த்தேன். கடையில் என் காதில் வைத்துவிட்டார்கள். ஏ.சி. இரைச்சல், காகிதம் கசங்குவது, எவனோ நாற்காலியை இழுப்பது, எல்லாம் மண்டைக்குள் இடி மாதிரி விழுந்தது. எதிரே நின்று நல்லக்கண்ணு பேசியதுதான் புரியவில்லை. கழற்றிக் கொடுத்துவிட்டேன். போதாததற்கு அதை மாட்டிக்கொண்டு நம் தெருவில் எப்படி நடப்பேன்? செவிட்டு மைக்செட் என்று பேர் வைப்பார்கள்.

இன்னொரு பொய்யும் பாக்கி இருக்கிறது. அந்த ஸ்பீக்கரை நான் ஏற்கனவே வாங்கிவிட்டேன். உன் பதில் வருவதற்கு முன்பே, ஏப்ரல் மாதமே. எட்டு மாதமாக இரண்டு பெட்டியும் பிரிக்காமல் என் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. அதைக் கப்பலில் போடவா, வேண்டாமா? இனி எதையும் உன்னைக் கேட்டுத்தான் செய்வேன். இதையாவது.

ஊருக்கு வந்து நான் என்ன செய்வேன் என்பதுதான் தெரியவில்லை. காது இல்லாத மைக்செட்காரனை யார் கூப்பிடுவார்கள்?

கிதிர்


தென்காசி
6.1.85

மச்சானுக்கு,

ஏப்ரல் என்று படித்ததும் ரஹ்மத்து காலண்டரை எடுத்துவைத்துக்கொண்டாள். தேதி தெரிந்தால் எழுதுங்கள்.

நானும் ரெபேக்காள் டீச்சரும் பாளையங்கோட்டைக்குப் போய் ஒரு காது டாக்டரைப் பார்த்தோம். நீங்கள் எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். சிரித்தார். “எல்லாரும் மொத நாள் இப்படித்தான்மா கழட்டி எறிவாங்க. ரெண்டு மூணு மாசம் வச்சுப் பழகணும். கண்ட சத்தமும் கேட்டு அடங்குன பொறவுதான் ஆளு பேச்சு தனியாத் தெரியும்” என்றார். எனவே திரும்பப் போய் அந்த மிஷினை வாங்குங்கள். முதலில் நம் வீட்டு நாற்காலி இழுபடுகிற சத்தத்தையே கேளுங்கள். எனக்கு அவசரம் இல்லை. தெருவில் பேர் வைப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர்கள் சொல்வது உங்களுக்குக் கேட்டால் மிஷின் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஸ்பீக்கர் வேண்டாம். அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். நம் ஹால் பத்துக்குப் பன்னிரண்டு. அதில் அவ்வளவு சத்தம் வைத்தால் நானும் மாமியும் ரஹ்மத்தும் சேர்ந்து செவிடாகிவிடுவோம். டெக்கை வீரபாகு ஹெட் மாற்றிச் சரிசெய்து கொண்டுவந்து வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை நான் நிறுத்திவிட்டேன். மாமியும் சரி என்றார்கள்.

வேலையைப் பற்றி நான் வீரபாகுவிடம் கேட்டேன். நீங்கள் கேட்காமல் கேட்டதற்குக் கோபிக்க வேண்டாம். குத்துக்கல்வலசைப் பக்கம் புது வீடுகள் நிறைய வருகின்றனவாம், எல்லோரும் டி.வி. வாங்குகிறார்களாம், ஆன்டெனா கட்டவும் வயர் இழுக்கவும் அவருக்கு ஆள் பற்றவில்லை. காதைச் சொன்னேன். “கம்பி ஏத்துததுக்குக் காது எதுக்குக்கா? அண்ணாச்சி மேல நின்னு திருப்பட்டும், படம் தெளிஞ்சா நான் கீழ இருந்து கையக் காட்டுதேன்” என்றார். பெரிய வேலை இல்லைதான். நீங்கள் வந்து யோசித்துச் சொல்லுங்கள்.

எனக்கும் களைப்பாகத்தான் இருக்கிறது, மச்சான். நீங்கள் வந்தவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் மறுபடி கோபம் வரும், அப்புறம் ஞாபகம் வரும். அப்படித்தான் கொஞ்ச நாள் போகும்.

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு இந்தத் தடவை ஜப்பார் தம்பி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செங்கோட்டை வழியாகக் கார் பேசி நானும் ரஹ்மத்துமே வருகிறோம். இத்தனை வருஷத்தில் நான் அந்த மலையைத் தாண்டியதில்லை. கூட்டத்தில் யார் என்ன சொன்னாலும் திரும்பாமல் நேரே நடந்து வாருங்கள். நாங்கள் உங்கள் வலது கைப் பக்கமாக நிற்போம்.

பாத்து